படம் பாதியில் நின்றால்: ஹோம் தியேட்டர் ரிசீவரின் சூட்டை அறிகுறி பார்த்துப் பிடிப்பது எப்படி

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரே மாதிரி போன்கள் வரும்.

"ஏனுங்க, படம் பாதியில செட்டு தானா நின்னு போயிருதுங்க. மேல கை வைக்க முடியலீங்க."

"எத்தன நேரம் ஓடி நிக்குதுங்க?"

"அது பாக்கலீங்களே."

பார்க்க வேண்டியது அதைத்தான். கை சுடுகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆன் செய்த உடனே நிற்கிறதா, சத்தம் ஏற்றும்போது நிற்கிறதா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நிற்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. முதல் இரண்டுக்கும் போய் ஃபேன் வாங்கி மாட்டினால் காசுதான் தண்டம்.

அதற்கு முன்னால் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. செட் என்று எல்லாரும் சொல்வது ரிசீவரை, டிவியும் டிஷ்ஷும் ஸ்பீக்கர்களும் வந்து சேரும் பெட்டி. அதற்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் கிளாஸ் ஏபி வகை. பாட்டு எதுவும் ஓடாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே பல மாடல்கள் 40 முதல் 80 வாட்ஸ் வரை இழுக்கும். ஸ்பீக்கருக்கு ஒன்றும் போகாததால் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். படம் ஓடும்போதும் வழக்கமான சத்தத்தில் ஸ்பீக்கர்களுக்குப் போவது சராசரியாகச் சில வாட்ஸ்தான். மூடிய அலமாரிக்குள் பழைய அறுபது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை மூன்று மணி நேரம் எரியவிட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான். ஆகவே ரிசீவர் சூடாவது கோளாறு இல்லை. சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

தொட்டால் சுடுகிறது, வேறு தொந்தரவு இல்லை

மேல் மூடியில் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இருக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் கவலை வேண்டாம். வைத்தவுடன் கையை எடுக்கத் தோன்றினால் கவனிக்க வேண்டும். லேசர் புள்ளி காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பளபளப்பான உலோகத்தின் மேல் அது சரியாகக் காட்டாது, குறைத்தே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் அளவெடுங்கள். அறை 32 டிகிரியில் இருக்கும்போது மூடி 45, 50 காட்டினால் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். 60-ஐத் தாண்டினால் செட்டை வைத்திருக்கும் இடத்தை மாற்றச் சொல்வேன்.

இப்போது தொந்தரவு இல்லை என்று விட்டுவிட்டால் என்ன? உள்ளே கரண்ட்டைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. பத்து வருஷம் உழைக்க வேண்டியது ஐந்தில் படுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. பல ரிசீவர்கள் 35 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்ய வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். கரூர் பரமத்தியும் ஈரோடும் சித்திரையில் 40-ஐத் தாண்டுகிற ஊர்கள். அதாவது ஏசி போடாத நம் வீட்டு ஹால், செட்டை ஆன் செய்வதற்கு முன்பே எல்லையைக் கடந்துவிட்டது.

ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓடியபின் அணைகிறது

சூட்டினால் நிற்கிறது என்று நம்பிச் சொல்லக்கூடிய அறிகுறி இது ஒன்றுதான். பெரும்பாலான செட்டுகளில் பவர் விளக்கும் துப்புக் கொடுக்கும். டெனான் ரிசீவர்களில் சிவப்பு விளக்கு இரண்டு விநாடிக்கு ஒரு முறை மெதுவாக மினுக்கினால் சூடு, அரை விநாடிக்கு ஒரு முறை வேகமாக மினுக்கினால் ஸ்பீக்கர் வயரையோ உள் கோளாறையோ பார்க்கச் சொல்கிறது என்று பொருள். சூட்டில் நின்றால் ஒரு மணி நேரம் ஆறவிடச் சொல்கிறது அந்தக் கையேடு. ஐந்து நிமிஷத்தில் திரும்பப் போட்டு, திரும்ப நின்று, திரும்பப் போட்டு என்று மல்லுக்கட்டக் கூடாது.

சரி, குற்றவாளி செட்டா, அலமாரியா? கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. ரிசீவரை டிவி யூனிட்டிலிருந்து வெளியே எடுத்து, முன்னால் ஒரு ஸ்டூலில் வையுங்கள். அதே படம், அதே சத்தம். வயர் எட்டாவிட்டால் முன் இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இணைத்தாலும் பரவாயில்லை, ஆனால் அப்போது முடிவில் கொஞ்சம் சந்தேகம் இருக்கும். வெளியே வைத்தால் நிற்காமல் ஓடுகிறது என்றால் செட் சுத்தம், அலமாரிதான் ஆள். வெளியே வைத்தும் நின்றால் கீழே தூசியைப் பற்றி எழுதியிருப்பதற்குப் போங்கள்.

பத்தில் எட்டு வீடுகளில் அலமாரிதான் என்று அடித்துச் சொல்லத் தோன்றும், எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் காட்சி மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பிளைவுட் டிவி யூனிட், முன்னால் கறுப்புக் கண்ணாடிக் கதவு, பின்னால் முழுப் பலகை, வயர் போக மூலையில் ஒரு சின்ன ஓட்டை. ரிசீவரின் மேல் டிஷ் பாக்ஸ். டிஷ் பாக்ஸின் மேல் ரவுட்டர். அந்த இரண்டுக்கும் அடியில், ரிசீவரின் மேல் தூசி விழாமல் இருக்க அம்மா போட்ட பூவேலைத் துணி. அந்தத் துணி மூடியிருப்பது ரிசீவர் மூச்சு விடும் இடத்தை.

செட்டுக்குள் காற்று போகும் வழி எளிது. அடிப்பகுதித் துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று ஏறும், ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் சூடாகும், மேல் துளைகள் வழியாக வெளியேறும். அதனால் மேலே எதையும் வைக்கக் கூடாது, கீழே கார்பெட் விரிக்கக் கூடாது, நான்கு கால்களைக் கழற்றவும் கூடாது. யமஹா கையேடுகள் மேலே 30 சென்டிமீட்டரும் பக்கவாட்டிலும் பின்னாலும் 20 சென்டிமீட்டரும் இடம் விடச் சொல்கின்றன. நம் ஊர் டிவி யூனிட்டில் அது நடக்கிற காரியமில்லை. மேலே ஒரு சாணாவது விட்டு, பின் பலகையை முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். பின் பலகையைக் கழற்ற ஆசாரி ஐந்து நிமிஷம்தான் எடுப்பார். சுவர் பக்கம் இருப்பதால் யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஃபேன் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பல வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி என்றால் பின்னால் வழியில்லை, ஃபேன்தான். திசையில்தான் பலர் கோட்டை விடுவார்கள். வெளிக் காற்றை உள்ளே ஊதுவதைவிட, உள்ளே இருக்கும் சூடான காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவது மேல். ஃபேனை அலமாரியின் மேல் பகுதியில் வையுங்கள், காற்று நுழைய அடிப்பகுதியில், கதவுக்குக் கீழே ஒரு நீள வெட்டு விடுங்கள். நுழையும் வழி வெளியேறும் வழியைவிடச் சின்னதாக இருந்தால் ஃபேன் சும்மா சுற்றும், சத்தம் மட்டும் மிச்சம். ரிசீவரின் மேலேயே உட்காரும் வகை என்றால் அது மேல் நோக்கி இழுக்க வேண்டும், கீழ் நோக்கி ஊதக் கூடாது. சூடு தானாக மேலே போகும்போது அதை எதிர்த்து ஊதினால் என்ன லாபம்?

120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் போதும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் படத்தின் அமைதியான காட்சியிலும் காதில் விழாது. யுஎஸ்பி-யில் ஓடும் 5 வோல்ட் வகையை டிவியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகிவிட்டால், பெரும்பாலான டிவிகளில் டிவி ஆன் ஆனால் ஃபேனும் சுற்றும். டிவி போடாமல் பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டை பொரிக்க வீட்டிலேயே இன்குபேட்டர் செய்கிறவர்கள் வாங்கும் 12 வோல்ட் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் போர்டு. இன்குபேட்டரில் அது பல்பைப் போடும், அணைக்கும். இங்கே செட்டிங்கைக் கூலிங்குக்கு மாற்றி, சென்சாரை ரிசீவரின் மேல் துளைக்கு அருகில் ஒட்டி, 42 டிகிரியில் ஃபேன் ஓடும்படி வைத்தால் வேலை முடிந்தது. 36-க்கு வைத்தால் சித்திரையில் செட் அணைந்திருக்கும்போதும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாடியில் தியேட்டர் ரூம் கட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் ராத்திரி பத்து, பதினொன்று வரை சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். ஏசி போட்டிருக்கிறோமே என்பார்கள். கதவு மூடிய அலமாரிக்குள் ஏசிக் காற்று எப்படிப் போகும்? படம் பார்க்கும்போது கண்ணாடிக் கதவைத் திறந்து வையுங்கள், அவ்வளவுதான்.

இடம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால் செட்டிங்கில் கொஞ்சம் குறைக்கலாம். சப்வூஃபர் இருக்கும் வீடுகளில் எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ் ஓவரை (பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். கரண்ட் அதிகம் தின்னும் பேஸ், தனி ஆம்ப் உள்ள சப்வூஃபருக்குப் போய்விடும். டெனான், மராண்ட்ஸ், யமஹா மூன்றிலும் ஈகோ மோடு இருக்கும் மாடல்கள் உண்டு. சும்மா நிற்கும்போது எடுக்கும் கரண்ட்டை அது குறைக்கும். மெதுவான சத்தத்தில் கேட்கிறவர்களுக்கு நல்லது. இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் ஓம்) செட்டிங்கைக் குறைத்து வைக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். சூடு குறையும்தான், ஆனால் ஆம்ப்பின் பலத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். கோடை இரண்டு மாதம் சமாளிக்க வேண்டுமானால் சரி, நிரந்தரமாக அப்படி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆன் செய்தவுடன், அல்லது சத்தம் ஏற்றினால் மட்டும் அணைகிறது

செட் ஆறியிருக்கும்போதே இப்படி நின்றால் சூட்டை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள்.

பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் ரிசீவரிலிருந்து கழற்றுங்கள். வெறும் செட்டை ஆன் செய்யுங்கள். அப்போதும் அணைந்தால் உள்ளே கோளாறு, கடைக்குத்தான். அணையாமல் ஓடினால் நல்ல செய்தி. அணைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டி ஆன் செய்து பாருங்கள். எதை மாட்டியதும் அணைகிறதோ அந்த வயரில் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் டெர்மினலில் முறுக்காமல் விட்ட ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஃபால்ஸ் சீலிங் வீடுகளில் எலி கடித்த இடமாகவும் இருக்கலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் கழற்றிய வயர் முனையிலேயே ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல் காட்டும். இரண்டுக்குக் கீழே போனால் வயரிலோ ஸ்பீக்கரிலோ ஷார்ட்.

சத்தம் ஏற்றினால் மட்டும் நிற்கும் வீடுகளில் ஒரு கேள்வி கேட்டாலே பாதி விடை வந்துவிடும். "கூட ஏதாவது ஸ்பீக்கர் சேத்துனீங்களா?" சமையல்கட்டில் இரண்டு, போர்ட்டிகோவில் இரண்டு என்று எலக்ட்ரீஷியன் அதே டெர்மினலில் சேர்த்து முறுக்கியிருப்பார். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம். நான்கு சேர்ந்தால் 2 ஓம். அதே சத்தத்துக்கு ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் இரண்டு, நான்கு மடங்காகும். அந்த ஸ்பீக்கர்களைப் பிரித்து ஒரு சின்ன தனி ஆம்ப்பில் போடுவதுதான் நியாயம்.

படம் கறுத்துக் கறுத்து வருகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது

அணையவில்லை, ஆனால் அரை மணி நேரத்துக்குப் பிறகு திரை ஒரு கணம் கறுக்கும், அல்லது புள்ளி புள்ளியாக மின்னும். பலர் டிவியைச் சந்தேகப்படுவார்கள். ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டில் இருக்கும் சிப்புகளும் நன்றாகச் சூடாகும். ஹீட்சிங்க்கின் சூடும் மேலே சேர்ந்தால் அவை தடுமாறும்.

டேபிள் ஃபேனை ரிசீவர் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் படம் நிதானமானால் சூடுதான். மாற்றமே இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். நீளமான, மலிவான கேபிளில் 4கே படம் ஓட்டினாலும் இதே அறிகுறிதான் வரும், ஆனால் அது ஆன் செய்த முதல் நிமிஷத்திலிருந்தே வரும். சூட்டுக் கோளாறு அவகாசம் எடுத்துக்கொண்டு வரும்.

ராத்திரி அணைத்தும் காலையில் வெதுவெதுப்பாக இருக்கிறது

ரிமோட்டில் அணைத்தால் செட் முழுசாக அணைவதில்லை. எச்டிஎம்ஐ பாஸ் த்ரூ (செட் அணைந்திருந்தாலும் படத்தை டிவிக்குக் கடத்துவது), எச்டிஎம்ஐ கன்ட்ரோல், நெட்வொர்க் ஸ்டாண்ட்பை மூன்றில் ஏதாவது ஆனில் இருந்தால் உள்ளே ஒரு பகுதி விழித்தே இருக்கும். ரிசீவரை அணைத்துவிட்டு டிஷ் மட்டும் பார்க்கிற பழக்கம் இல்லையென்றால் பாஸ் த்ரூவை அணைத்துவிடுங்கள். போனில் இருந்து பாட்டுப் போடுவதில்லை என்றால் நெட்வொர்க்கையும். மிச்சம் சூடு பெரிதில்லை, பயப்பட வேண்டாம்.

போன கோடையில் நன்றாக ஓடியது, இந்த வருஷம்தான் இப்படி

இடம் மாறவில்லை, ஸ்பீக்கர் மாறவில்லை, சத்தமும் அதே. அப்படியானால் தூசி.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில், சோமனூர், பல்லடத்தில் தறிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் செட்டைத் திறந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் பஞ்சு போர்வையாகப் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து வந்த இழைதான். தகட்டுக்குத் தகடு ஒட்டிக்கொண்டு காற்றுப் பாதையை அடைத்துவிடும். பொள்ளாச்சி பக்கம் என்றால் தென்னை நார்த் தூள், நாமக்கல் பக்கம் கோழித் தீவனத் தூள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது உடுமலை, பல்லடம் வீடுகளில் ஜன்னலை மூடினாலும் மண் உள்ளே வந்துவிடும். கதகதப்பைத் தேடிப் பல்லியும் கரப்பானும் குடியேறியிருப்பதும் உண்டு.

வாரண்டி இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், மேல் துளைகள் வழியாகப் பிரஷ்ஷால் தட்டி ப்ளோயரால் ஊதுவதோடு நிறுத்துங்கள். வாரண்டி முடிந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் திறங்கள். பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும், அவற்றின் பக்கம் கையோ ஸ்குரூ டிரைவரோ போகக் கூடாது. உள்ளே சின்ன ஃபேன் இருந்தால் அதன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் கண்டபடி வேகமாகச் சுற்றி பேரிங் போய்விடும். பிறகு படம் ஓடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் கேட்கும்.

கம்பெனியில் இருக்கும் ஏர் கன்னில் அடித்துவிடலாமே என்று திருப்பூர்க்காரர்களுக்குக் கை பரபரக்கும். வேண்டாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரும் வேண்டாம். காற்றோடு தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து வரும், போர்டில் அப்படியே ஒட்டும். கம்ப்யூட்டருக்கு ஊதும் கை ப்ளோயர் போதும். ஆடி முடிந்ததும் ஒரு முறை, மாசி கடைசியில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் கோடைக்குத் தயார்.

உறுமல் சத்தத்தோடு சூடாகிறது

"ம்ம்ம்" என்ற உறுமல் ஸ்பீக்கரில் இல்லாமல் செட்டுக்குள்ளிருந்தே வந்தால் டிரான்ஸ்ஃபார்மர். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால், உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. பழைய இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ரிசீவரை அந்த லைனிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள்.

மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து கொடுத்த செட் என்றால் பின் பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டும்தான் இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் ஓடும்போது அதன் இரும்பு, இனிமேல் காந்தம் ஏற்க முடியாத நிறைவு நிலைக்கு அருகில் போய், கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். லேபிளில் 50/60 என்று இரண்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. 60 மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுனில் 120-க்குப் பதிலாக 110 முனையைப் பயன்படுத்துங்கள், கொஞ்சம் ஆறும். அந்த ஸ்டெப் டவுன் பெட்டியே ஒரு அடுப்பு, அதையும் ரிசீவரோடு ஒரே அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

ராத்திரியில் மட்டும் சூடு கூடுகிறது என்றால் மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். சுற்று வட்டாரத்தில் லோடு குறைந்ததும் 250-க்கு மேல் ஏறும் லைன்கள் உண்டு. அங்கே ஒரு நல்ல ஸ்டெபிலைசர் ஃபேனைவிட உபயோகம்.

ஒரு மூலை மட்டும் கொதிக்கிறது, கருகல் வாசம் வருகிறது

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். இனி வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. ஹீட்சிங்க் முழுவதும் ஒரே சீராகச் சுடுவது வழக்கம். ஒரு சானல் மட்டும் பாட்டே இல்லாமல் கொதித்தால் அதன் பயஸ் கரண்ட் (பாட்டு இல்லாதபோதும் ஓடும் கரண்ட்) ஏறியிருக்கலாம், டிரான்சிஸ்டர் பாதி போயிருக்கலாம், அடியில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மேலே உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டாலும் இதே கதைதான்.

கடைக்குக் கொண்டு போகும்போது "சூடாகுதுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது, விளக்கு எப்படி மினுக்குகிறது, ஸ்பீக்கர் கழற்றிப் பார்த்தீர்களா, எந்தப் பக்கம் கொதிக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டிக் கொடுங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். திரும்ப வாங்கும்போது ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: "தெர்மல் சென்சாரை பைபாஸ் பண்ணலீங்களே?" சில இடங்களில் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சூட்டைக் கண்டு செட்டை நிறுத்தும் சென்சாரை ஒதுக்கி, அதன் இரண்டு வயரையும் நேராக இணைத்துவிட்டு, "இனி நிக்காதுங்க" என்று கொடுத்துவிடுவார்கள். நிற்காதுதான். சூடு ஏறினாலும் நிற்காது. அப்படிச் செய்திருந்தால் செட்டை அங்கேயே வைத்துவிட்டு, சென்சாரைத் திரும்ப மாட்டிய பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.